பிக் பிளாக் எஞ்சினில் உயர் வேகப் பெட்ரோல் வறட்சி: கார்புரேட்டரிலிருந்து டேங்க் வரை சோதித்துச் சரிசெய்யும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பகுதிகளில் வீட்டுக் கராஜிலேயே அமெரிக்க வி8 எஞ்சின்களோடு, அவற்றிலும் பிக் பிளாக் எனப்படும் பெரிய வகையோடு, மல்லுக்கட்டுபவர்கள் உண்டு. அவர்கள் வாயிலிருந்து அடிக்கடி வரும் குறை இது: முதல் கியரிலும் இரண்டாவதிலும் பாய்ந்து செல்லும் வண்டி, மூன்றாவது கியரில் நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் தளர்ந்துவிடுகிறது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சற்று எடுத்தால் மறுபடி உயிர் பெறுகிறது. இதைக் கேட்டவுடன் பக்கத்தில் நிற்பவர் சொல்லும் யோசனை, பெரிய பம்பு வாங்கிப் போடு என்பதுதான். பம்பு வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. டேங்க்குக்குள் இருக்கும் குழாய் குறுகலாக இருந்தால், எவ்வளவு பெரிய பம்பைப் பொருத்தினாலும் அந்தக் குறுகலுக்கு மேல் பெட்ரோல் வராது. மாறாக, அழுத்தம் மட்டும் கூடிப்போய், நின்ற இடத்தில் கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் பாகம்) வழிந்து, வேறொரு தொல்லை புதிதாகச் சேரும்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கண்டிப்பு. பெட்ரோல் குழாயைக் கழற்றும் எந்தச் சோதனையையும் எஞ்சின் சூடாக இருக்கும்போது செய்யக் கூடாது. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட வேண்டும். மின்பம்புச் சோதனைக்கு மின்சாரம் தேவைப்படும் இடத்தில், இணைப்பைப் பெட்ரோல் ஆவி சேரும் இடத்துக்கு வெகு தொலைவில் கொடுக்க வேண்டும். கராஜின் கதவு திறந்திருக்க வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கேஸ் கீசரின் சிறு சுடர் அதே அறையில் எரியும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன் என்பதால் அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில்: குறை உண்மையில் பெட்ரோலில்தானா?

எத்தனையாவது சுற்றில் தளர்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனையாவது விநாடியில் தளர்கிறது என்று கேட்பதே அதைவிட முக்கியம். கார்புரேட்டரின் மிதவை அறைகளில், அதாவது உள்ளே வரும் பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணங்களில், கொஞ்சம் பெட்ரோல் சேமிப்பு எப்போதும் இருக்கிறது. உள்ளே வருவது வெளியே போவதைவிடக் குறைந்தாலும், அந்தச் சேமிப்பு தீரும்வரை எஞ்சின் எதையும் உணராது. ஆகவே பெட்ரோல் வறட்சி எப்போதும் சிறிது தாமதித்தே வெளிப்படும். முதல் கியரில் 6,000 சுற்றுக்கு நொடிப்பொழுதில் ஏறிவிடுவதால் அங்கே தெரியாது. நீண்ட நேரம் முழுச் சுமையில் இழுக்க வேண்டிய மேல் கியரில்தான் தெரியும்.

ஒவ்வொரு கியரிலும் அதே சுற்றில், நேரம் பார்க்காமல், சொல்லிவைத்தாற்போல் தடுமாறினால் அது வால்வு ஸ்பிரிங் தளர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். செவ்ரொலே பிக் பிளாக்கின் உயர்திறன் ஹெட்களில் உள்ள இன்டேக் வால்வு 2.19 அங்குலம் விட்டமுடையது. அந்த எடையைப் பழைய ஸ்பிரிங்குகள் 5,500 சுற்றுக்கு மேல் கட்டுப்படுத்த முடியாமல் போவது புதிதல்ல. வெடிப்போசையோடு படபடவென்று விட்டுவிட்டுத் தடுமாறினால் இக்னிஷனைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் வறட்சி அப்படிப் படபடக்காது. வண்டி மெல்லச் சோர்ந்து, இழுவை தட்டையாகி, காலை எடுத்த சில விநாடிகளில் தெளிந்துவிடும்.

இன்னும் எளிய ஒன்றை முதலிலேயே பார்த்துவிடுங்கள். எஞ்சினை நிறுத்திய நிலையில் ஒருவரை உள்ளே உட்கார வைத்து ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லி, காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டருக்குள் பாருங்கள். காற்றுவழியைத் திறந்து மூடும் திராட்டில் தகடுகள் நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். பெடலுக்கு அடியில் தடித்த கார்ப்பெட் விரித்திருப்பதால் முக்கால் பங்கே திறந்துகொண்டிருக்கும் வண்டிகளுக்குப் பம்பு மாற்றிப் பணத்தை விரயம் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு தேவை என்ற கணக்கு

முழு ஆக்ஸிலரேட்டரில் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் அரை பவுண்டு பெட்ரோல் என்பது எஞ்சின் கட்டுபவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் அளவு. 500 குதிரைத்திறன் தரும் எஞ்சினுக்கு அது மணிக்கு 250 பவுண்டு, அதாவது 113 கிலோ. பெட்ரோலின் அடர்த்தியை லிட்டருக்கு 0.74 கிலோ என்று கொண்டால் மணிக்கு 153 லிட்டர். நிமிடத்துக்கு இரண்டரை லிட்டருக்குச் சற்று மேல். விநாடிக்கு 42 மில்லிலிட்டர்.

இந்தக் கடைசி எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு மேற்சொன்ன தாமதத்தைப் பாருங்கள். வரத்து விநாடிக்கு 32 மில்லிலிட்டர் மட்டுமே என்றால் பற்றாக்குறை 10. மிதவை அறைகளில் ஜெட்டுக்கு (பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளை) மேலே பயன்படக்கூடிய பெட்ரோல் 80 மில்லிலிட்டர் இருப்பதாகக் கொண்டால், எட்டு விநாடிகளுக்கு எஞ்சின் தாக்குப்பிடிக்கும். கால் மைல் ஓட்டத்தில் அது சரியாக மேல் கியருக்கு மாறும் நேரம். பற்றாக்குறை சிறியதாக இருந்தால் தாமதம் அதிகம். பெரியதாக இருந்தால் இரண்டாவது கியரிலேயே தெரிந்துவிடும். தளரும் விநாடியை எழுதி வைத்துக்கொண்டால் குறையின் அளவே ஓரளவு புரிந்துவிடும் என்பதற்காகத்தான் அந்தக் கேள்வியை முதலில் வைத்தேன்.

தென்னாப்பிரிக்காவில் வி8 என்றாலே 1973-இல் வந்த செவ் ஃபிரென்ஸா கேன்-ஆம் பேச்சுக்கு வரும். அதில் இருந்தது 302 கன அங்குல ஸ்மால் பிளாக். நம் ஊரில் பலரும் அந்த அளவு எஞ்சின்களில்தான் கை பழகினார்கள். 454 கன அங்குல பிக் பிளாக் அதைவிட ஒன்றரை மடங்கு பெரியது. ஆனாலும் பழகிய கை அதே குழாயையும் அதே ஃபில்டரையும்தான் எடுக்கிறது.

கடற்கரையும் மேட்டுநிலமும்

இந்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே வருகிறது. ஜொகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் உள்ளது. டர்பனில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல் என்றால் அங்கே 82 அளவில்தான் இருக்கும். எஞ்சின் விழுங்கும் காற்றின் எடையும் அதே விகிதத்தில் குறைவதால், கடற்கரையில் 500 குதிரைத்திறன் தரும் எஞ்சின் மேட்டுநிலத்தில் 400 அளவில் நின்றுவிடும். அதன் பெட்ரோல் தேவையும் மணிக்கு 153 லிட்டரிலிருந்து சுமார் 124 லிட்டராக இறங்கிவிடும். மணிக்கு 130 லிட்டர் தரும் ஒரு பம்பு அமைப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். க்ரூகர்ஸ்டார்ப்புக்கு அப்பால் உள்ள டார்ல்டன் போன்ற தடத்தில் அது எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். அதே வண்டியை என்3 நெடுஞ்சாலை வழியாக வான் ரீனன் கணவாய் இறக்கிக் கொண்டுவந்து, போர்ட் ஷெப்ஸ்டன் அருகே கடலோரத் தடத்தில் ஓட்டினால் மூச்சுத்திணறும். எதுவும் பழுதாகவில்லை, காற்று அடர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மேட்டுநிலத்திலிருந்து வாங்கி வந்த வண்டி இங்கே தளர்கிறது என்றால், உறிஞ்சு குழாயில் அடைப்பைத் தேடுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. காற்றழுத்தம் குறைந்த இடத்தில் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும். ஆகவே சூடான நாளில் உறிஞ்சு குழாயில் குமிழி கட்டும் தொல்லை கடற்கரையைவிட மேட்டுநிலத்தில் எளிதில் தலைகாட்டும்.

அழுத்தமானி: குறை எந்தப் பக்கம் என்று சொல்லும் சாட்சி

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் வாயிலுக்கு மிக அருகில், எல்லா ஃபில்டருக்கும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கும் பிறகு, 0 முதல் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை காட்டும் ஓர் அழுத்தமானியைப் பொருத்துங்கள். நின்ற இடத்தில் அது காட்டும் எண்ணுக்கு அதிக மதிப்பில்லை. மேல் கியரில், முழு ஆக்ஸிலரேட்டரில், தளரும் அந்த விநாடியில் அது என்ன காட்டுகிறது என்பதே தேவை. அதற்காகப் பெட்ரோல் நிறைந்த குழாயை வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது. மின்உணரி வைத்த மானி பாதுகாப்பானது. இல்லையென்றால் இதற்கென விற்கும் பிரிப்பான் வழியாகப் பெட்ரோலை வெளியிலேயே நிறுத்திவிட்டு அழுத்தத்தை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். பானெட்டின் பின் விளிம்பில், கண்ணாடிக்கு வெளியே மானியை உறுதியாகக் கட்டி, உடன் வருபவரைக் கைபேசியில் படம் பிடிக்கச் சொல்வது செலவில்லாத வழி. ஓட்டுபவர் மானியைப் பார்க்கக் கூடாது.

இந்த ஓட்டத்தைப் பந்தயத் தடத்திலோ, திறனை அளக்கும் டைனோ மேடையிலோ மட்டுமே செய்யுங்கள். இரவு பத்து மணிக்கு ஹிக்கின்சன் நெடுஞ்சாலை காலியாக இருக்கிறது என்பது காரணமாகாது. பலமுறை ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். பெட்ரோல் குறைந்த லீன் கலவையில் முழுச் சுமை கொடுப்பது பிஸ்டனை உருக்கும் வழி. தளர்ச்சி தொடங்கியதும் காலை எடுத்துவிட வேண்டும். காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் உணரி இருந்தால் இன்னும் நல்லது: முழுச் சுமையில் 12.5 அளவில் இருக்க வேண்டிய விகிதம் ஓட்டத்தின் பிற்பகுதியில் 13, 14 என்று ஏறிக்கொண்டே போனால் வறட்சி உறுதியாகிவிடுகிறது.

படத்தை ஓட்டிப் பாருங்கள். நின்ற நிலையில் முள் 6.5-இல் நிற்கும். கிளம்பியவுடன் ஒரு துள்ளல். இரண்டாவது கியரில் 5. மூன்றாவதில் முள் நடுங்கிக்கொண்டே 4, 3 என்று சரிந்து, எஞ்சினின் ஓசை மாறும் நேரத்தில் 2-க்குக் கீழே கிடந்தால், குறை மானிக்குப் பின்னால், பம்பு அல்லது டேங்க் பக்கம் இருக்கிறது. முள் 5-க்குக் குறையாமல் உறுதியாக நிற்க, எஞ்சின் மட்டும் தளர்ந்தால், பெட்ரோல் வாயில் வரை வந்துவிட்டது. கார்புரேட்டருக்குள் நுழைய முடியவில்லை. இனி இரண்டில் ஒரு பக்கம்தான் வேலை.

அழுத்தம் நிற்கிறது, எஞ்சின் தளர்கிறது என்றால்

கார்புரேட்டர் வாயிலிலேயே ஒரு சிறு ஃபில்டர் ஒளிந்திருக்கும். ஹாலி வகைக் கார்புரேட்டரில் அது விரல் நுனியளவு வெண்கலத் துண்டு. குவாட்ராஜெட் வகையில் வாயில் நட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங்கோடு இருக்கும் காகித உருளை. வண்டியை வாங்கி ஆண்டுகள் ஆகியும் அது இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தனியாக நல்ல ஃபில்டர் குழாயில் இருந்தால் வெண்கலத் துண்டை எடுத்துவிடுவதில் தவறில்லை.

அடுத்து, மிதவை அறைக்குள் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் ஊசியும், அது அமரும் சீட்டும். ஹாலியில் பெரும்பாலும் வருபவை 0.097 அங்குல, 0.110 அங்குலத் துளை உடையவை. 500 குதிரைத்திறனுக்கு 0.110 பொருத்தம். ஊசியைக் கழற்றியதும் அதன் கறுப்பு ரப்பர் முனையை நகத்தால் தடவிப் பாருங்கள்: வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தாலோ ரப்பர் ஊதியிருந்தாலோ மாற்ற வேண்டும். சீட்டின் பக்கவாட்டுத் துளைகளில் வெள்ளை நூல் போன்ற ஒன்று சுருண்டு கிடந்தால், யாரோ இணைப்பில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் துணுக்கு அது. குழாய் முனையை விரித்து இறுக்கும் ஃப்ளேர் இணைப்புகளுக்கு அந்த டேப் தேவையே இல்லை.

மிதவை மட்டத்தைப் பழைய ஹாலியில் பக்கவாட்டுப் பார்வைத் துளை வழியாகச் சரிபார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு, வண்டியை அசைத்தால் சிறிது கசியும் அளவில் இருக்க வேண்டும். மேலே உள்ள பூட்டுத் திருகைத் தளர்த்தி, நட்டை வலப்புறம் திருப்பினால் மட்டம் இறங்கும், இடப்புறம் திருப்பினால் ஏறும். திருகைத் தளர்த்தும்போது பெட்ரோல் பீறிடக்கூடும் என்பதால் எஞ்சினை நிறுத்திவிட்டே இதைச் செய்யுங்கள்.

கிளம்பிய முதல் இரண்டு விநாடியில் மட்டும் தடுமாறினால் வேறு காரணம். பின்பக்க மிதவை அறையில் ஜெட்டுகள் முன்சுவரில் இருக்கின்றன. வண்டி முன்னால் பாயும்போது அறைக்குள் இருக்கும் பெட்ரோல் பின்சுவரில் ஏறிக்கொள்வதால் ஜெட்டுகள் காற்றை உறிஞ்சுகின்றன. அதற்கு ஜெட் நீட்டிப்புக் குழாய்களும், அவற்றுக்கு இடம்விட்டுச் செதுக்கிய மிதவையும் கிடைக்கின்றன.

சுமை ஏறும்போது கூடுதல் பெட்ரோல் தரும் பவர் வால்வு விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. 454 எஞ்சின் 6,000 சுற்றில் முழுமையாக நிரம்பினால் நிமிடத்துக்குச் சுமார் 788 கன அடி காற்றைக் கேட்கும். அதன்மேல் 600 கன அடி கார்புரேட்டரை வைத்தால், முழுவதும் திறந்திருக்கும்போதே கார்புரேட்டருக்குக் கீழுள்ள மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடம் பவர் வால்வில் குறித்திருக்கும் வெற்றிட எண்ணைத் தாண்டினால், பெட்ரோல் மிகத் தேவைப்படும் நேரத்தில் வால்வு மூடிக்கொள்ளும். இது பார்ப்பதற்கு அப்படியே பெட்ரோல் வறட்சி போலவே இருக்கும். பம்பை மாற்றி ஒரு பயனும் இராது. வெற்றிடமானியைப் பொருத்தி அதே ஓட்டத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

காற்று வடிகட்டியின் மூடி, மிதவை அறையின் காற்றுக்குழாய் நுனியை அழுத்திக்கொண்டிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பானெட் மூடாது என்பதற்காகத் தாழ்ந்த வடிகட்டி போட்ட வண்டிகளில் இது நேர்கிறது.

அழுத்தம் சரிகிறது என்றால்: டேங்க்கிலிருந்து தொடங்குங்கள்

கார்புரேட்டரிலிருந்து பின்னோக்கி வந்த நாம் இங்கே திசையை மாற்றிக்கொள்வது நல்லது. ஏனெனில் பம்பு எதுவானாலும் தள்ளுவதில் வல்லது, உறிஞ்சுவதில் நோஞ்சான். உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும் சிறு தடையும் தள்ளும் பக்கத்துப் பெரிய தடையைவிட அதிகக் கேடு செய்யும்.

டேங்க் மூடியிலிருந்து தொடங்கலாம். பழைய வண்டிகள் பலவற்றில் காற்று உள்ளே போகும் வழி மூடியிலேயே இருந்தது. மூடி தொலைந்து, கடையில் கிடைத்த பூட்டு மூடியைப் போட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். ஓட்டம் முடிந்தவுடன் மூடியைத் திறக்கும்போது ஸ்ஸ் என்று காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

பிறகு டேங்க்குக்குள் உள்ள உறிஞ்சு குழாயும் அதன் முனையில் உள்ள வலையுறையும். பெரும்பாலான வண்டிகளில் உண்மையான குற்றவாளி இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. வெளியே 3/8 அங்குலக் குழாய் பளபளவென்று ஓடும். டேங்க்குக்குள் இருப்பதோ தொழிற்சாலை போட்ட 5/16 அங்குலக் குழாய். கடலோர ஈரக்காற்றில், பாதி நிரம்பிய டேங்க்கோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் துரு இறங்கி, வலையுறையில் செம்பழுப்புச் சேறாகப் படிந்திருக்கும். வெளியே எடுத்த உறையை விரலால் நசுக்கினால், ஈர மணல்போல் நறநறக்கும். மெதுவாக ஓட்டும்போது அதன் வழியே தேவையான பெட்ரோல் வந்துவிடுவதால் ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை.

குழாய் அளவைப் பற்றி ஒரு கணக்கு. விநாடிக்கு 42 மில்லிலிட்டர் பெட்ரோல் 5 மீட்டர் நேர்க்குழாயில் ஓடுவதாகக் கொண்டால், 5/16 அங்குலக் குழாயில் சுமார் 2 பிஎஸ்ஐ அழுத்தம் வீணாகும். 3/8 அங்குலத்தில் அது 0.7 அளவுக்கு இறங்கிவிடும். வளைவுகளும் ஃபில்டரும் இதில் சேரவில்லை. எஞ்சினில் பொருத்திய பழைய வகைப் பம்பு முன்னாலிருந்துகொண்டு இந்தத் தூரம் முழுவதையும் உறிஞ்சியே இழுக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். 500 குதிரைத்திறனுக்கு 3/8 அங்குலம் எல்லைக்கோடு. அதற்கு மேல் போவதென்றால் 1/2 அங்குலத்துக்குத் தயங்காமல் போய்விடலாம். 90 டிகிரி முழங்கை இணைப்புகளைத் தவிர்த்து, குழாயையே அகலமாக வளைத்துக் கொண்டுபோவது நல்லது.

ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்து உள்ளே உரிந்து தொங்கக்கூடும். உறிஞ்சும்போது அந்த உரிந்த தோல் வழியை மூடும், நின்றதும் விலகிவிடும். ஹோஸில் சிறு வெடிப்பு இருந்தால், உறிஞ்சும் பக்கமாக இருப்பதால் பெட்ரோல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். ஐந்தாறு ஆண்டு பழகிய ஹோஸ் என்றால் ஆராயாமல் மாற்றிவிடுங்கள், விலை அற்பம். பம்புக்கு முன்னால் வைக்கும் ஃபில்டர் 100 மைக்ரான் அளவில் கண் பெரிதாகவும், பின்னால் வைப்பது 40 அல்லது அதைவிட நுண்ணியதாகவும் இருக்கட்டும். இதை மாற்றிப் போட்டால் பம்பு மூச்சடைத்து நிற்கும். கண்ணாடி ஃபில்டரை எஞ்சின் அருகே மாட்டாதீர்கள், உடைந்தால் தீதான்.

பம்பின் முறை

இனிமேல்தான் பம்பைச் சந்தேகிக்கலாம். எஞ்சினில் பொருத்தி, கேம் ஷாஃப்டால் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இயங்கும் பம்புக்கு, இக்னிஷன் காயிலைத் துண்டித்து, கார்புரேட்டர் முனைக் குழாயை மூடிய கேனுக்குள் விட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பார்க்கும் பழைய சோதனை உண்டு. அரை நிமிடத்தில் அரை லிட்டர் வந்தால் பம்பு நலம் என்பார்கள். அது மணிக்கு 60 லிட்டர்தான். பம்பு செத்துவிடவில்லை என்று அது சொல்லும். 500 குதிரைத்திறனுக்குப் போதும் என்று சொல்லாது. வேகம் கூடும்போது வரத்தும் கூடும் என்றாலும், ஒரு கட்டத்தில் பம்பின் ஸ்பிரிங்கால் கேமின் மேட்டைத் தொடர முடியாமல் வரத்து நின்றுவிடும். செவ்ரொலே பிக் பிளாக்கில் கேமுக்கும் பம்புக்கும் இடையே ஒரு தண்டு இருக்கிறது. அதன் முனை தேய்ந்து குட்டையானால் பம்பின் ஒவ்வொரு அடியும் குறையும். புதிய தண்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் எண்ணெயோ பெட்ரோலோ கசிந்தால் தாமதமின்றி மாற்றுங்கள்.

மின்பம்பை வாங்கும்போது அட்டைப் பெட்டியில் உள்ள எண் எந்த அழுத்தத்தில் எடுத்தது என்று பாருங்கள். ஹாலி ப்ளூ பம்பு தடையின்றி ஓடும்போது மணிக்கு 110 அமெரிக்க கேலன், அதாவது 416 லிட்டர் தரும். 9 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு எதிராக அது 88 கேலனாக, 333 லிட்டராகக் குறைகிறது. இரண்டாவது எண்ணே நமக்குரியது. அதன் உச்ச அழுத்தம் 14 பிஎஸ்ஐ என்பதால் ரெகுலேட்டர் கட்டாயம். ஹாலி கார்புரேட்டரின் ஊசி 7.5-க்கு மேல் தாங்காது.

பம்பை டேங்க்குக்கு அருகில், அதன் அடிமட்டத்துக்கு நிகராகவோ தாழ்வாகவோ பொருத்த வேண்டும். மின்சாரத்தை ரிலே வழியாகத் தடித்த கம்பியில் கொடுத்து, பம்பு ஓடும்போது அதன் இரு முனைகளிலேயே வோல்டேஜை அளக்க வேண்டும். பேட்டரியில் 13.8 இருந்து பம்பில் 11.5 மட்டுமே இருந்தால், நீங்கள் வாங்கிய பம்பின் ஒரு பகுதி கம்பியிலேயே வெந்து போகிறது. துருப்பிடித்த பூட் தகட்டில் திருகிய எர்த் இணைப்பு இதற்கு அடிக்கடி காரணமாகும். விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி எண்ணெய் அழுத்த ஸ்விட்சையோ மோதல் ஸ்விட்சையோ சேர்த்தே ஆக வேண்டும்.

மின்பம்புக்கு வரத்துச் சோதனை நம்பகமானது. ரெகுலேட்டருக்குப் பிறகு குழாயைக் கேனுக்குள் விட்டு, முனையில் ஒரு வால்வை வைத்து மானி 5 பிஎஸ்ஐ காட்டும் அளவுக்கு நெருக்கி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். நம் எஞ்சினுக்கு 2.6 லிட்டர் வேண்டும். கால் பங்கு கூடுதலாக 3.2 லிட்டர் வந்தால் மன நிம்மதி.

வேகமாகக் கிளம்பும் வண்டிக்கு இன்னொரு கழிவு உண்டு. குழாயில் முன்னும் பின்னுமாக 3 மீட்டர் நீளத்துக்குப் பெட்ரோல் நிறைந்திருக்க, வண்டி 1 ஜி முடுக்கத்தில் பாய்ந்தால் அந்தப் பெட்ரோலை முன்னே தள்ளுவதற்கே 3.2 பிஎஸ்ஐ செலவாகிவிடும். 7-இல் அமைத்த அமைப்பு அந்த நொடியில் 4-க்கும் கீழேதான் இருக்கும். பம்பை டேங்க்கருகிலும் ரெகுலேட்டரைக் கார்புரேட்டர் அருகிலும் வைத்து, இடையே உள்ள குழாயில் அழுத்தத்தை உயர்வாக வைத்திருப்பது இதற்காகத்தான். உபரியை டேங்க்குக்குத் திருப்பி அனுப்பும் ரெகுலேட்டராக இருந்தால், பிப்ரவரி வெயிலிலும் பெட்ரோல் ஓடிக்கொண்டே இருந்து குளிர்ச்சியாக இருக்கும். ஆவிக் குமிழியும் கட்டாது.

சரிசெய்த பிறகு

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே தடத்தில் அதே மானியோடு ஓட்டிப் பாருங்கள். மேல் கியரின் கடைசி வரை 5 பிஎஸ்ஐக்குக் குறையாமல் நின்றால் வரத்து போதும். புதிய ஸ்பார்க் பிளக்குகளை மாட்டி, முழுச் சுமையில் இழுத்து, உச்சியிலேயே எஞ்சினை நிறுத்தி உருட்டிக்கொண்டு வந்து பிளக்கின் பீங்கான் நிறத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு வெள்ளையோ, மினுங்கும் நுண்புள்ளிகளோ இருந்தால் இன்னும் லீன் ஓட்டம்தான்.

வறட்சி இருந்த காலத்தில் அதைச் சமாளிக்க யாராவது பெரிய ஜெட்டுகளைப் போட்டிருப்பார்கள். வரத்து சரியானதும் அதே ஜெட்டுகள் எஞ்சினைக் கறுப்புப் புகை கக்க வைக்கும். ஆகவே ஜெட்டுகளைத் தொழிற்சாலை எண்ணுக்குத் திருப்பி, அங்கிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். உயரத்துக்கு ஏற்ப மாற்றும்போது ஏறத்தாழ 600 மீட்டருக்கு ஓர் எண் என்பது பழக்கத்தில் உள்ள அளவு. டர்பனில் சரிசெய்த வண்டியை ஜொகன்னஸ்பர்க்குக்கு ஏற்றிப் போகும்போது மூன்று எண் சிறிய ஜெட்டுகளையும், மிதவை அறையின் கேஸ்கெட் ஒரு ஜோடியையும் கருவிப்பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.